கழுதைக்காது ராஜாவின் கன்னத்து மரு

"சிரிக்காதே, பியாஜோ" என்றார் ஒர்ஸெட்டா.

"நான் எங்க சிரிச்சேன், சியோரா?" அம்மணி என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

"படகு குலுங்குது."

உண்மைதான். துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த படத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் வெனிஸில் மீன்காரி முதல் பாதிரியார் வரை அதைப் பார்த்துத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் வயிறு மட்டும் என்ன தனி வயிறா?

படம் இதுதான். ஒரு காடு. ஒரு பக்கம் யாழோடு அப்பல்லோ தேவன். இன்னொரு பக்கம் குழலோடு ஆட்டுக்கால் பான் தேவன். நடுவில் சிம்மாசனத்தில் மைதாஸ் ராஜா. யார் வாசிப்பு உசத்தி என்று போட்டி. எல்லோரும் அப்பல்லோ என்று சொல்ல, மைதாஸ் மட்டும் ஆட்டுக்காலனுக்குத் தீர்ப்புச் சொன்னான். 'இப்படிக் கேட்கிற காதுக்கு இந்த நீளம் போதாது' என்று அப்பல்லோ அவனுக்குக் கழுதைக்காது முளைக்க வைத்துவிட்டார். படத்தில் அந்தக் காதுகள் கிரீடத்தைத் தாண்டி ஜோராக நின்றன.

அதுவரை வம்பில்லை. கிரேக்கக் கதைகளைச் செப்புத்தகட்டில் வெட்டி, தாளில் அச்சடித்து விற்பது எங்கள் ஊரில் வெங்காயம் விற்பது மாதிரி சாதாரண வியாபாரம். வம்பு ராஜாவின் கன்னத்தில் இருந்தது. மிளகு பருமனில் ஒரு மரு. அதிலிருந்து கொத்தாக முடி. அப்படிப்பட்ட மரு வெனிஸில் ஒரே ஒரு முகத்துக்குத்தான் உண்டு. மிளகு வியாபாரத்தில் கொழித்தவரும், நகர சபையில் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவருமான ஜெரோலமோ பல்தானி பிரபு. போதாக்குறைக்குச் சிம்மாசனத்தின் காலில் பொடி எழுத்தில் லத்தீனில் ஒரு வார்த்தை: 'நீதிமான்'.

பிரபு புகார் கொடுத்தார். படத்தை வெட்டிய எர்கோலே சிறைக்குப் போனார். பிரபுவை அவமதித்தது உறுதியானால் வெட்டிய கையை வெட்டிவிடுவார்கள். எர்கோலேயின் மனைவி ஒர்ஸெட்டாவைத் தேடி ஓடிவந்தாள்.

ஒர்ஸெட்டா ஒரு மருந்துக்கடைக்காரரின் விதவை. யார் எந்த வியாதியை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பழகியவர், பிறகு யார் எந்தக் குற்றத்தை மறைக்கிறார்கள் என்பதற்குத் தாவிவிட்டார். நான் நாடகக் குழுவில் கோமாளி வேஷம் கட்டியவன். குழு கலைந்த பிறகு அவரிடம் படகோட்டவும், கதவு தட்டவும், தேவைப்பட்டால் அடி வாங்கவும் சேர்ந்தேன்.

*

பட்டறையில் மை வாசனை மூக்கைத் துளைத்தது. எர்கோலேயின் மனைவி பெலெக்ரினாதான் அச்சுப்பொறியின் சக்கரத்தைச் சுற்றுகிறவள். தோள்களைப் பார்த்ததும் மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்றேன்.

"மொதத் தாளை உரிச்சப்பவே மருவைப் பாத்துட்டேன், சியோரா" என்றாள். "பாத்தும் சும்மா இருந்துட்டேன்."

"ஏன்?"

"என் புருஷனுக்குச் சிரிக்கவே தெரியாது. இத்தனை வருஷத்துல இப்பதான் மொத தடவையா ஒரு கேலி பண்ணியிருக்காருன்னு சந்தோஷமா இருந்துச்சு. அதைக் கேட்டுக் கெடுப்பானேன்?"

"நல்ல வேளை, நான் கேலி பண்ணப்ப அழுகின முட்டையோட விட்டாங்க" என்றேன்.

ஒர்ஸெட்டா காதில் வாங்கவில்லை. "தகட்டுப் பக்கம் யார் யார் வருவாங்க?"

"எதிர்க்கடை பொர்த்தோலோ வருவான், எங்க படத்தைப் பாத்துக் காப்பி அடிக்க. அவனாத்தான் இருக்கும், வயித்தெரிச்சல் பிடிச்சவன். அப்புறம் படம் வாங்குறவங்க. பெரிய மனுஷங்க. ஏன், அந்தப் பல்தானி பிரபுவே வாராவாரம் வந்து ஜன்னலோரம் உக்காந்து கிரேக்கம் பேசுவாரு. அவரு வந்தா என் புருஷன் என்னைச் சந்தைக்கு அனுப்பிருவாரு. எனக்கு அதெல்லாம் புரியாதாம். இத்தனை பழகிட்டு, அந்த ஆளே போய்ப் புகார் குடுத்திருக்காரு பாருங்க!"

மைதாஸ் தகட்டைச் சபை பறிமுதல் செய்துவிட்டது. ஒர்ஸெட்டா அலமாரியிலிருந்து வேறொரு தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். சிங்கத்தோடு சண்டை போடும் ஹெர்குலஸ். அதிலிருந்து எடுத்த தாளையும் பக்கத்தில் வைத்தார்.

"தகட்டுல கதாயுதம் எந்தக் கையில இருக்கு?"

"இடது."

"தாள்ல?"

"வலது. தகட்டைத் தாள் மேல கவுத்தா இடம் வலமாத்தானே விழும்? முத்திரை குத்தினாலே தெரியுமே" என்றாள் பெலெக்ரினா.

"இப்ப சொல்லுங்க. பிரபுவுக்கு மரு எந்தக் கன்னத்துல?"

"இடது" என்றோம் நானும் அவளும் சேர்ந்து. ஊருக்கே தெரிந்த விஷயம்.

"படத்துல?"

நான் ஒரு முக்காலியில் மைதாஸ் மாதிரி உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, என் கன்னத்தைத் தொட்டேன். வலது.

"ஆக, மருவை வெச்சவன் பிரபு முகத்தைப் பாத்த மாதிரியே தகட்டுல வெட்டிட்டான். அச்சுல பக்கம் மாறிப் போச்சு" என்றார் ஒர்ஸெட்டா. "உன் புருஷன் இந்தத் தப்பைச் செய்வாரா?"

"அவரா? காய்ச்சல்ல கிடந்தாக்கூடச் செய்ய மாட்டாரு!"

"அப்ப தொழில் தெரியாத எவனோ வெச்ச மரு இது."

பெலெக்ரினா ஆனந்தக் கண்ணீரோடு கையில் அகப்பட்டவனைக் கட்டிக்கொண்டாள். அகப்பட்டவன் நான். எங்கோ ஒரு எலும்பு சத்தம் போட்டது.

மூச்சு திரும்பி வந்தபோது ஒர்ஸெட்டாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துச் சிம்மாசனத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த 'நீதிமான்' உன் புருஷன் வெட்டினதா?"

"இல்ல. அவரு படத்துக்குள்ள எழுத்து வெட்டவே மாட்டாரு. எல்லாம் ஓரத்துலதான்."

"மருவை வெட்டின உளிதான் இதையும் வெட்டியிருக்கு. கோடு ஒரே மாதிரி நடுங்குது. ஆனா எழுத்து நேரா விழுந்திருக்கே?"

எனக்கும் உறைத்தது. தாளில் எழுத்து நேராக விழவேண்டும் என்றால் தகட்டில் இடம் வலமாய்த் திருப்பி வெட்டவேண்டும். அது தொழில் தெரிந்தவன் வேலை.

"எழுத்தைத் திருப்பத் தெரிஞ்சவன் மருவை மட்டும் ஏன் திருப்பல?" என்றார்.

"மரு மேல ஏதாவது கோவமா இருக்கும்."

"பியாஜோ."

"வாயை மூடிட்டேன்."

*

எர்கோலே என்றால் எங்கள் மொழியில் ஹெர்குலஸ். சிறைக்கம்பிக்குப் பின்னால் நின்ற ஹெர்குலஸை ஒரு கூடையில் வைத்துத் தூக்கிவிடலாம். ஒல்லி. முகத்தில் சிரிப்புக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. மனைவி கொடுத்தனுப்பிய புளிக்காடியில் ஊறிய மத்திமீனை வாங்கும்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். நடுவில் ஒரு காய்ப்பு, பட்டாணி பதித்த மாதிரி.

"உளியோட குமிழ் அங்கதான் அழுந்தும்" என்றார் நான் பார்ப்பதைப் பார்த்து. "உளி பிடிக்கிற எல்லாருக்கும் இருக்கும்."

ஒர்ஸெட்டா படத்தைக் கொடுத்தார். எர்கோலே அதை வாங்கி, கையை முழுசாக நீட்டி, தலையையும் பின்னால் சாய்த்துப் பார்த்தார். கிட்டத்தில் இருப்பது அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. செதுக்குகிறவன் அதை வெளியே சொன்னால் வாசலுக்கு யார் வருவார்கள்? பாவம், மரு வந்ததும் தெரியாமல்தான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

"இந்த ராஜா முகத்தை எப்ப முடிச்சீங்க, மாஸ்டர்?"

"முன்னாடியே. காதைத்தான் கடைசியா வெட்டினேன்."

"ஏன் கடைசியா?"

"தீர்ப்பு சொன்ன பிறகுதானே காது முளைச்சுது" என்றார், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி. "கதையில எது கடைசியோ அதைக் கடைசியாத்தான் வெட்டணும்."

"அப்ப நடுவுல கொஞ்ச நாள் தகட்டுல ராஜாவுக்குக் காது இல்ல. வெறும் கிரீடம்."

"ஆமா."

"அந்தச் சமயம் தகட்டை வேற யாராவது தொட்டாங்களா?"

எர்கோலே படத்தை மறுபடி ஒருமுறை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "யாரும் தொடல."

"கை போயிரும், தெரியுமில்ல?"

"யாரும் தொடலம்மா" என்றார் தரையிடம்.

வெளியே வந்ததும் ஒர்ஸெட்டா சொன்னார்: "பொய் சொல்றாரு."

"பின்ன? தரையில ஒரு எறும்புகூட இல்ல. அவ்வளவு உத்துப் பாத்தாரே."

"தன் கையைவிட எதையோ பெருசா நினைச்சுக் காப்பாத்துறாரு. அது எதுன்னு தெரியணும். பிரபு வீட்டு வம்பு தெரிஞ்சவன் வேணும். பிரபுவுக்குச் சவரம் பண்றது யாரு?"

*

நாவிதன் ஸுவானே, சதுக்கத்துக் கிணற்றடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தான். பிரபுக்களின் வீடுகளுக்குக் காலையில் போய்வந்து, மீதி நேரம் எங்களைப் போன்றவர்களைச் சிரைப்பான். நான் நாற்காலியில் சாய்ந்தேன். ஒர்ஸெட்டா கிணற்றுமேடையில் உட்கார்ந்து, வாங்கிவந்த பொரித்த மீனைப் பிரித்தார்.

"என்ன ஸுவானே, பல்தானி பிரபு எப்படி இருக்காரு?" என்றேன்.

"கொதிக்கிறாரு. கத்தி வைக்கவே பயமா இருக்கு. ஊரே காதைப் பிடிச்சு ஆட்டிக் காட்டுதே, சும்மா இருப்பாரா?"

"அந்த மருவை வெட்டித் தொலைச்சா என்ன?"

"ஐயோ, அதை அவரு செல்லப்பிள்ளை மாதிரி வெச்சிருக்காரு. அவரு தாத்தாவுக்கும் இருந்துச்சாம். போன வருஷம் ஒரு ஓவியரைக் கூப்பிட்டு முகத்தை எழுதச் சொன்னாரு. என்னமா எழுதினான் தெரியுமா! மூச்சு விடுறதுதான் பாக்கி. வேலைக்காரங்க எல்லாம் படத்துக்கு வணக்கம் வெச்சாங்க. இவரு பாத்தாரு. 'இது எவன்டா?'ன்னாரு."

நான் சிரித்தேன். "கன்னம் ஜாக்கிரதை" என்று கத்தியை எடுத்துக்கொண்டான்.

"'என் முகம் இப்படியா இருக்கு? எல்லாம் கோணலா இருக்கே! மரு இடம் மாறிக் கிடக்கே!'ன்னு ஒரே கூச்சல். ஓவியன் பாவம், கண்ணீரோட போனான். படம் இன்னிக்கும் செவுத்தைப் பாத்துத்தான் திரும்பி நிக்குது. அம்புட்டு பேரு இவரு முகம்னு சொல்றாங்க. இவரு ஒருத்தரு மட்டும் இல்லேங்குறாரு."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். ஒர்ஸெட்டா சிரிக்கவில்லை. பாதி கடித்த மீன் கையில் அப்படியே நின்றது. கிணற்றடியில் ஒரு பூனை அந்த மீனை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்க்காமலே மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டு எழுந்தார்.

"பல்தானி மாளிகைக்குப் படகை விடு."

"பாதிக் கன்னம்தான் ஆச்சு, சியோரா!"

"மீதிக் கன்னம் அப்புறம். வா."

*

ஜெரோலமோ பல்தானி பிரபு உயரமான ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் முரானோ தீவில் செய்த ஆளுயர நிலைக்கண்ணாடி. முத்தமிடக் கையை நீட்டினார். குனிந்து பிடித்தேன். பிரபுவின் உள்ளங்கை பட்டாக இருக்கும் என்று நினைத்தால், நடுவில் கெட்டியாக ஒரு பட்டாணி விரலில் இடறியது. நிமிர்ந்து ஒர்ஸெட்டாவைப் பார்த்தேன். அவர் 'தெரியும்' என்பதுபோல் இமை மூடித் திறந்தார். எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

"அந்த எர்கோலேக்காகப் பேச வந்தீங்கன்னா, வந்த படகுலயே திரும்பிப் போயிடுங்க" என்றார் பிரபு. "என்னை ஊர் சிரிக்க வெச்சிருக்கான்."

"பேச வரல, பிரபுவே. ஒரு சந்தேகம். ஊர்ல மருவை வெச்சுத்தான் நீங்கன்னு சொல்றாங்க. மத்தபடி முகத்துல உங்க சாடையே இல்லேன்னு..."

"யார் சொன்னது?" படத்தைப் பிடுங்கினார். "இந்த நெத்தியைப் பாருங்க. இந்த மூக்கைப் பாருங்க. அச்சு அசலா நான்தான்!"

"உங்களை வரைஞ்ச ஓவியம் நீங்க இல்ல. ஆனா இது நீங்க."

"ஆமா!"

"அப்ப தயவுசெஞ்சு அதைக் கையில வெச்சுக்கிட்டே அந்தக் கண்ணாடி முன்னாடி நில்லுங்க."

பிரபு நின்றார். படத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடிக்குள் தெரிந்த மரு எந்தப் பக்கமோ, கையிலிருந்த படத்தில் ராஜாவின் மருவும் அதே பக்கம். "பாத்தீங்களா? அப்படியே இருக்கு" என்றார் வெற்றியோடு.

"இப்ப என் பக்கம் திரும்புங்க."

திரும்பினார். மரு மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

"உங்களை நேர்ல பாக்குற எங்க எல்லாருக்கும் மரு இந்தப் பக்கம் தெரியுது" என்றார் ஒர்ஸெட்டா மெதுவாக. "நாங்க யார் வரைஞ்சாலும் ஓவியர் வரைஞ்ச மாதிரிதான் வரும். இந்த மருவை வெட்டினவருக்குத் தகட்டுல எல்லாத்தையும் திருப்பி வெட்டணும்னு தெரியும். எழுத்தைச் சரியாத் திருப்பியிருக்காரு. மருவையும் சரியாத்தான் திருப்பியிருக்காரு. அவரு பாத்த முகத்துலயே மரு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. உங்க முகத்தைத் தினமும் அப்படிப் பாக்குற ஆளு இந்த வெனிஸ்ல ஒருத்தர்தான், பிரபுவே."

வெளியே ஒரு கடற்காகம் கத்தியது. பிரபு தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"பியாஜோ, கதவைச் சாத்து" என்றார் ஒர்ஸெட்டா.

சாத்தினேன். அதற்குள் பிரபு நாற்காலியில் சுருங்கியிருந்தார்.

"எங்க குலத்துல கையால வேலை செய்யக்கூடாது" என்றார். "ஆனா அந்தச் செப்பு மேல உளி போறப்ப வர்ற சத்தம் இருக்கே... எர்கோலேகிட்ட ரகசியமாக் கத்துக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சிலுவை மேல சத்தியம் வாங்கினேன். ஒரு நாள் மத்தியான மணி அடிச்சதும் அவன் கோயிலுக்குப் போனான். நான் தனியா இருந்தேன். தகடு எதிர்ல இருந்துச்சு. 'நடுவுல இருக்கிறது யாரு?'ன்னு முன்னாடியே கேட்டிருந்தேன். 'மைதாஸ்'னான்."

"மைதாஸ்னா உங்களுக்கு..."

"தொட்டதெல்லாம் பொன்னாகுமே, அந்த ராஜா! நான் மிளகைத் தொட்டுப் பொன்னாக்கினவன். கிரீடம், சிம்மாசனம், ரெண்டு பக்கமும் தேவர்கள். அவங்களுக்கே தீர்ப்பு சொல்ற இடம். எனக்குன்னே வெட்டின மாதிரி இருந்துச்சு. உளியை எடுத்து ராஜாவோட நெத்தியையும் மூக்கையும் என் சாடைக்கு மாத்தினேன், மருவை வெச்சேன், கீழே அந்த வார்த்தையையும் வெட்டினேன்." குரல் இறங்கியது. "இந்தத் தாள் பாரிஸ் போகும், ஆன்ட்வெர்ப் போகும். நான் போன பிறகும் எவனாவது பாப்பான். மிளகு யார் பேரையும் வெச்சிருக்காது, சியோரா. அரைச்சா தீந்துபோச்சு. ஒரு படத்து நடுவுல நானும் இருந்துட்டுப் போறேனேன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வராமல் போனது, அந்த வாரத்திலேயே அப்போதுதான்.

"பொன்னானது பாதிக் கதை, பிரபுவே" என்றார் ஒர்ஸெட்டா.

"மீதி என்ன?"

சபையில் மூச்சுக்கு மூச்சு கிரேக்கம் பேசுகிறவருக்கு, மருந்துக்கடை விதவை போட்டியையும் தீர்ப்பையும் காதுகளையும் சொன்னார். பிரபு கேட்கக் கேட்கத் தன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சத்தியமா அப்ப காது இல்ல! அச்சாகி வந்ததும் காதைப் பாத்தேன். நான் செஞ்சதைக் கண்டுபிடிச்சு, என்னைக் கேலி பண்ணவே காது வெச்சுட்டான்னு..."

"அவருக்கு உங்க மருவே தெரியல. கதைப்படி காது வெச்சாரு. 'நீதிமான்'னு நீங்க வெட்டினதைத்தான் ஊர் பெரிய நக்கல்னு சொல்லுது. கேலி இல்லாம, நிஜமா நினைச்சு எழுதினது படத்துல அது ஒண்ணுதான்."

பிரபு எழுந்தார். "புகாரைத் திருப்பி வாங்கிடுறேன். மன்னிச்சேன்னு சொல்லிடுறேன்."

"செல்லாது. பிரபுவை அவமதிச்சா சபையையே அவமதிச்ச மாதிரி. நீங்க மன்னிச்சாலும் சபை மன்னிக்காது. வழி ஒண்ணுதான் இருக்கு. அது உங்க முகமே இல்லேன்னு நீங்களே வந்து சொல்லணும்."

"யார் நம்புவாங்க?"

"மரு எந்தப் பக்கம்னு காட்டுங்க. போதும்."

பிரபு படத்தைக் கீழே வைக்க மனசில்லாமல் பிடித்திருந்தார். "ஆனா, அது என் முகம்தானே" என்றார், பொம்மையைப் பறிகொடுக்கப்போகிற குழந்தை மாதிரி.

*

சபையில் தலைமை நீதிபதி தள்ளாத வயசுக்காரர். பக்கத்தில் இன்னும் இருவர். எர்கோலேயைக் கயிற்றோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பெலெக்ரினா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை இனி எனக்குப் பயன்படாது என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

பிரபு முன்னே வந்தார். "கோவத்துல அவசரப்பட்டுட்டேன். நல்லாப் பாத்த பிறகுதான் தெரிஞ்சுது. இந்தப் படத்துல மரு வலது கன்னத்துல இருக்கு. எனக்கு இடது."

நீதிபதிகள் தாளைப் பார்த்தார்கள். பிரபுவைப் பார்த்தார்கள். தாளைத் திருப்பி வைத்தும் பார்த்தார்கள்.

"அட, ஆமா!" என்றார் கிழவர். "இத்தனை நாள் யாரும் கவனிக்கலையே! இப்ப பாத்தா மருவைத் தவிர எதுவுமே சேரல. இந்த மூக்கு என்ன எடுப்பா இருக்கு! உம்ம மூக்கு கொஞ்சம் தாராளமாச்சே, ஜெரோலமோ?"

எங்கேயோ ஒரு குமாஸ்தா இருமினார்.

"நெத்தியும் உம்மோடது இல்ல" என்றார் அடுத்தவர். "இது அறிவாளி நெத்தி."

"வயசும் ரொம்பக் கம்மி" என்றார் மூன்றாமவர். "உம்மை எப்படித்தான் இவன்னு நினைச்சாங்களோ? இவன் லட்சணமா இருக்கானே!"

பிரபுவின் கழுத்து சிவந்தது. வாய் திறந்தது. 'அது நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மூக்கும் நெற்றியும் லட்சணமும் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஒரு கணம் சொல்லியே விடுவார் என்று நினைத்தேன். பெலெக்ரினாவும் நினைத்தாள் போல; என் முழங்கை நொறுங்கியது.

பிரபுவின் பார்வை எர்கோலேயின் பக்கம் போனது. கயிற்றுக்குள் அந்த ஒல்லிக் கை, உள்ளங்கை வெளியே தெரியத் திரும்பியிருந்தது. பிரபு தன் கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "அது நான் இல்ல."

கயிற்றை அவிழ்த்தார்கள்.

*

வெளியே வெயில் நன்றாக இருந்தது. பெலெக்ரினா புருஷனை இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தாள். எர்கோலே அவள் தோளுக்கு மேலாக எங்களுக்கு நன்றி சொன்னார்.

"யார் அந்த வேலையைப் பண்ணினாங்கன்னு கேக்க மாட்டீங்களா, மாஸ்டர்?" என்றார் ஒர்ஸெட்டா. அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. மருவையும் எழுத்தையும் கண்ணாடியையும் வரிசையாகச் சொல்ல வாய் தயாராக இருந்தது.

"எனக்குத் தெரியுமே" என்றார் எர்கோலே.

எண்ணிச் சொல்வதற்காக மடக்கியிருந்த முதல் விரலை ஒர்ஸெட்டா மறுபடி நிமிர்த்தினார்.

"எப்ப தெரியும்?"

"சிறையில நீங்க படத்தைக் குடுத்தீங்களே, தள்ளிப் பிடிச்சுப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சும் யாரும் தொடலேன்னு சொன்னீங்களே! கை போயிருக்குமேய்யா!" என்று கத்தினேன் நான்.

"சத்தியம் பண்ணியிருந்தேன் தம்பி. இப்பவும் நான் பேரைச் சொல்லல பாருங்க."

பெலெக்ரினாவுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. புரிந்ததும் புருஷனின் முதுகில் ஒன்று வைத்தாள். இவ்வளவு நாள் சிறை செய்யாததை அந்த ஒரு அடி செய்தது. மனுஷர் தள்ளாடிப் படகுத்துறைத் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்படியே மடியிலிருந்த படத்தை எடுத்து விரித்து, கையை நீட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆனது. கோபம் சிறைக்காக என்றுதான் நான் நினைத்தேன்.

"நெத்தி, தாடி வெட்டுற வரைக்கும்தான் பாடம் ஆயிருக்கு" என்றார். "மூக்கை நான் இன்னும் சொல்லியே குடுக்கல. அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்கன்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! மூக்கு எப்படிப் போயிருக்கு பாருங்க."

ஒர்ஸெட்டா படத்தை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எர்கோலே தாளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"மருவை மட்டும் நல்லா வெட்டியிருக்காரு" என்றார்.